கணினி எழுந்திருக்க மறுக்கிறதா? மின்சாரம் எதுவரை வந்தது என்று கேளுங்கள்

மாணவர்களே, ஸ்கூடாயில் வசிக்கும் படிவம் நான்கு மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓராண்டாகச் சேர்த்த பணத்தில் பழைய கணினிப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார். பெட்டி ஒருவரிடமிருந்து, தாய்ப்பலகையும் பிராசசரும் இன்னொருவரிடமிருந்து, பவர் சப்ளை ஒரு கடையிலிருந்து. பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினார். தம்பி பக்கத்தில் நிற்க, பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் ஒன்றுமில்லை.

"பவர் சப்ளை போச்சும்மா, வேற வாங்கிடு" என்றார் மாமா.

"அதுதான்னு எப்படித் தெரியும் மாமா?"

மாமாவிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வி மிகச் சரியானது. வாங்கிய கடையில் ஏழு நாளுக்குள் பழுதைக் காட்டினால்தான் மாற்றித் தருவார்கள். பழுது எதில் என்று தெரியாமல் போனால், நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கெட்ட பொருளை வீட்டிலேயே வைத்திருக்க நேரலாம். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி என்பதே இந்த வாரப் பாடம்.

பொத்தான் கட்டளையிடுவதில்லை, கேட்கிறது

வீட்டு விளக்கின் சுவிட்சைத் தட்டினால், கம்பி நேரடியாக இணைந்து மின்சாரம் பாய்கிறது. பழைய மேசைக் கணினிகளின் சுவிட்சும் அப்படித்தான் இருந்தது. 1995-இல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பு முறை வந்தபின் இது மாறியது. இன்று பெட்டியின் முன்னால் இருக்கும் பொத்தான், அழைப்பு மணியின் பொத்தானைப் போன்றது. அது இரண்டு சிறு முள்களைக் கணநேரம் இணைக்கிறது, அவ்வளவுதான். அந்த அழைப்புக்கு உள்ளே யாராவது விழித்திருந்தால்தான் பதில் வரும்.

அழுத்திய கணத்திலிருந்து திரையில் எழுத்து தோன்றும் வரை நடப்பதை ஒரு தொடர் ஓட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் கோலைக் கொடுக்காமல் அடுத்தவர் ஓட மாட்டார்.

1. சுவர் சாக்கெட்டிலிருந்து 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம், பிளக்கில் உள்ள ஃபியூஸ், வயர், பெட்டியின் பின்புறச் சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து பவர் சப்ளைக்குள் வருகிறது.

2. பவர் சப்ளை உடனே முழுதாக இயங்குவதில்லை. முதலில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மட்டும் ஊதா நிறக் கம்பியில் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் காவலாளி இதுதான். பல பலகைகளில் ஒரு சிறு விளக்கு எரிவதற்குக் காரணமும் இதுவே.

3. நீங்கள் பொத்தானை அழுத்தியதும், பலகை அதை உணர்ந்து பச்சைக் கம்பியைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இறக்குகிறது. பவர் சப்ளைக்கு அதுதான் "புறப்படு" என்ற சைகை.

4. பவர் சப்ளை விழித்து 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரங்களைத் தருகிறது. காற்றாடிகள் சுழல்கின்றன.

5. இந்த மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும், சாம்பல் நிறக் கம்பியில் "எல்லாம் சரி" என்ற சமிக்ஞை போகிறது. இதற்குப் பொதுவாக 100 முதல் 500 மில்லி விநாடிகள் ஆகும்.

6. அதன் பிறகே பிராசசர் தன் முதல் கட்டளையைப் படிக்கிறது. பயாஸ் நிரல் ரேமையும் திரை அட்டையையும் சோதிக்கிறது. கடைசியில் திரை ஒளிர்கிறது.

ஆக, "கணினி ஓடவில்லை" என்பது போதுமான விவரம் அல்ல. கோல் யார் கையில் நின்றுபோனது? அதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

(புதிய பவர் சப்ளைகள் பலவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருக்கும். நிறம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு கம்பிக்கும் உரிய இடமும் வேலையும் அதேதான்.)

தொடங்கும் முன்: மூன்று கண்டிப்பான விதிகள்

முதலாவது, பெட்டிக்குள் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பெட்டியின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பலகையில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

இரண்டாவது, பவர் சப்ளையின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அதை நேர்திசையாக்கித் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள் உள்ளே உள்ளன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை உயிருக்கு ஆபத்தான அளவு மின்னூட்டத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கக்கூடும்.

மூன்றாவது, பிளக்கைச் சொருகியதும் வீட்டு மின்சாரமே துண்டிக்கப்பட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, அத்துடன் நிறுத்திவிடுங்கள். துண்டித்தது மின்பெட்டியில் இருக்கும் கசிவுமின் துண்டிப்பான், அதாவது ஆர்சிசிபி. அது உங்களைக் காப்பாற்றத்தான் விழுந்தது. மறுபடி மறுபடி தூக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

பாகங்களைத் தொடும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடலில் சேர்ந்துள்ள நிலைமின்னூட்டம் இறங்கிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நிலைமின் தொல்லை குறைவுதான். ஆனால் குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருக்கும். அங்கே கூடுதல் கவனம் தேவை.

அறிகுறி ஒன்று: ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு காற்றாடியும் அசையவில்லை

கோல் முதல் மூன்று கட்டங்களுக்குள் நின்றிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போவோம்.

அதே சாக்கெட்டில் மேசை விளக்கைச் சொருகிப் பாருங்கள். எரிகிறதா? அடுத்து, கணினியை எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேரடியாகச் சுவரில் சொருகுங்கள். வயரை மாற்றிப் பாருங்கள். மூன்று முள் பிளக்கில் உள்ள ஃபியூஸ் போயிருக்கலாம். பின்புறச் சுவிட்ச் கோட்டுக் குறி பக்கம் இருக்க வேண்டும். வட்டக் குறி என்றால் அணைந்திருக்கிறது என்று பொருள். சிரிப்பு வரலாம், ஆனால் அனுபவசாலிகளும் இதை மறப்பதுண்டு.

பழைய பவர் சப்ளைகள் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்துச் சுவிட்ச் இருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் வைத்துச் சொருகினால் பவர் சப்ளை சத்தத்தோடு வெடித்துப் பழுதாகலாம். பழைய பொருள் வாங்கினால் சொருகும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

இனி தாய்ப்பலகை. காத்திருப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் முதல் இரண்டு கட்டங்கள் பெரும்பாலும் சரி என்று கொள்ளலாம். சந்தேகம் பொத்தான் பக்கம் நகர்கிறது. 24 முள் கொண்ட பெரிய இணைப்பு முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கொக்கி 'கிளிக்' என்று விழ வேண்டும். பிறகு, பெட்டியின் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி சரியான இரண்டு முள்களில்தான் உள்ளதா என்று பலகையின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒரு முள் தள்ளிச் சொருகியிருந்தாலே போதும், கணினி கேட்காது.

பொத்தானே பழுதா? அந்தக் கம்பியைக் கழற்றி, ரீசெட் பொத்தானின் கம்பியை அந்த இடத்தில் சொருகி, ரீசெட்டை அழுத்துங்கள். இரண்டு பொத்தான்களும் ஒரே வகைதான். கணினி எழுந்தால், குற்றவாளி சில காசு பெறும் பொத்தான்!

இத்தனைக்குப் பிறகும் அசைவில்லை என்றால்தான் பவர் சப்ளை மீதும் பலகை மீதும் சந்தேகம் வலுக்கிறது. இயங்கும் என்று தெரிந்த இன்னொரு பவர் சப்ளையை நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். அல்லது கடைக்குக் கொண்டுபோய், பவர் சப்ளைச் சோதனைக் கருவியில் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருந்தால் ஏற்கத்தக்கது. ஏடிஎக்ஸ் விதி 5 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது.

அறிகுறி இரண்டு: காற்றாடி ஒரு துடிப்பு, பிறகு நிசப்தம்

இது மிகவும் பயனுள்ள அறிகுறி. நான்காம் கட்டம் வரை கோல் வந்திருக்கிறது, உடனே யாரோ ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியது பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று. எங்கோ குறுஞ்சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் அளவுக்கு மீறிப் பாய முயன்றதும் அது கதவை மூடிவிட்டது. இப்படிப் பூட்டிக்கொண்ட பவர் சப்ளை பல வேளைகளில் அடுத்த அழுத்தத்துக்குப் பதிலே தராது. பின்புறச் சுவிட்சை அணைத்து, சிறிது நேரம் காத்திருந்து, மறுபடி போட்டால்தான் இன்னொரு முறை முயலும்.

நம் மாணவிக்கு இங்கேதான் ஒரு நினைவு வந்தது. முதல் முறை அழுத்தியபோது காற்றாடி கால் சுற்று அசைந்ததை அவர் பார்த்திருந்தார்! இரண்டாம் முறைதான் முழு நிசப்தம். சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி முயன்றார். மீண்டும் கால் சுற்று. அப்படியானால் பவர் சப்ளை செத்துவிடவில்லை. அது எதையோ பார்த்துப் பயந்து நிற்கிறது.

எதைப் பார்த்து? இங்கே விஞ்ஞானிகள் பின்பற்றும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, மாற்றி, பார்த்து, எழுதிவையுங்கள். அவருடைய நோட்டில் இப்படி இருந்தது:

சோதனை 1: வன்தட்டு, திரை அட்டை, யுஎஸ்பி கம்பிகள் அனைத்தையும் கழற்றினேன். பிராசசர், அதன் காற்றாடி, ஒரு ரேம் மட்டும். முடிவு: அதே துடிப்பு.

சோதனை 2: ரேமையும் கழற்றினேன். முடிவு: அதே துடிப்பு.

சோதனை 3: பிராசசருக்கான 8 முள் கம்பியைக் கழற்றினேன். முடிவு: அதே துடிப்பு.

சோதனை 4: 3-இல் இருந்த நிலையிலேயே பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன். பொத்தான் முள்கள் இரண்டையும் திருப்புளி முனையால் கணநேரம் தொட்டேன். முடிவு: காற்றாடி நிற்காமல் ஓடுகிறது!

முதல் சோதனையில் ஒரே நேரத்தில் பலவற்றைக் கழற்றினாரே, விதியை மீறினாரா? இல்லை. அது தேடும் இடத்தைப் பாதியாகக் குறைக்கும் உத்தி. அப்போது கணினி ஓடியிருந்தால், பழுது கழற்றியவற்றில் இருக்கிறது என்று புரிந்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தியிருப்பார்.

நான்காம் சோதனையில் பாகங்கள் எதுவும் மாறவில்லை. இடம் மட்டுமே மாறியது. எனவே பழுது பாகத்தில் இல்லை, பெட்டியில். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். பலகையைத் தாங்குவதற்குப் பெட்டியில் சிறு பித்தளைக் கால்கள் உண்டு. கடைக்காரர்கள் ஸ்டாண்ட்ஆஃப் என்பார்கள். முந்தைய உரிமையாளர் பெரிய பலகை வைத்திருந்தார். இவருடையது சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகை. அதில் துளை இல்லாத ஓர் இடத்தில் ஒரு கால் மிச்சமாக நின்று, பலகையின் அடியில் உள்ள ஈயப்பற்று முனைகளை முட்டிக்கொண்டிருந்தது. உலோகம் பட்டு, மின்சாரம் போகக் கூடாத வழியில் நேரே பெட்டிக்குப் பாய்ந்திருக்கிறது.

அந்தக் காலைத் திருகி எடுத்தார். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினார். கணினி எழுந்தது. செலவு: ஒரு காசும் இல்லை. மாமா சொன்னபடி புதிய பவர் சப்ளை வாங்கியிருந்தால், அதுவும் அதே கால் சுற்றோடு நின்றிருக்கும்.

எல்லாருக்கும் இவ்வளவு நல்ல முடிவு கிடைக்காது. மூன்றாம் சோதனையில், 8 முள் கம்பியைக் கழற்றியதும் துடிப்பு நின்று காற்றாடி தொடர்ந்து ஓடியிருந்தால், பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் பழுது என்று பொருள். வெளியே எடுத்து வைத்தும் துடிப்பு தொடர்ந்திருந்தால், பலகை அல்லது பவர் சப்ளை. பழைய பலகைகளில் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகளால் உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகள் இப்படித்தான் பழுதாயின.

இன்னோர் எச்சரிக்கை. கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையைப் பழையதாக வாங்கினால், அதனுடன் வந்த கம்பிகளையே பயன்படுத்துங்கள். வேறொரு பவர் சப்ளையின் கம்பி வாய் பொருந்தினாலும், உள்ளே வோல்ட் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் வன்தட்டு கருகிவிடும்.

அறிகுறி மூன்று: எல்லாம் சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பு

பலர் இதையும் "பவர் வரவில்லை" என்பார்கள். பவர் வந்துவிட்டது. கோல் ஐந்தாம் அல்லது ஆறாம் கட்டத்தில் நிற்கிறது.

முதலில் பிராசசருக்கு அருகே உள்ள 4 அல்லது 8 முள் இணைப்பைப் பாருங்கள். புதிதாகக் கணினி கட்டுவோர் அதிகம் மறப்பது இதைத்தான். ஏன் பிராசசருக்குத் தனிக் கம்பி? அறிவியல் பாடத்தில் படித்த சூத்திரமே விடை சொல்கிறது: திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 65 வாட் பிராசசர் சுமார் 1.2 வோல்ட்டில் இயங்கினால், அதற்குத் தேவையான மின்னோட்டம் 65 ÷ 1.2, ஏறக்குறைய 54 ஆம்பியர். வீட்டு பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர்தான்! இவ்வளவு மின்னோட்டத்தை நீண்ட கம்பியில் கொண்டுவந்தால் கம்பி கொதிக்கும். அதனால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 5.4 ஆம்பியராகக் கொண்டுவந்து, பிராசசரின் பக்கத்திலேயே மின்னழுத்தத்தைக் குறைக்கிறார்கள். நாட்டின் மின்கம்பிகளில் உயர் மின்னழுத்தத்தில் அனுப்பி, வீட்டருகே குறைப்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்து ரேம். கழற்றி, இரு முனைக் கொக்கிகளும் மூடும்வரை நேராக அழுத்திப் பொருத்துங்கள். நான்கு வாய்கள் இருந்தால், ஒற்றை ரேமைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது வாயில் பொருத்தச் சொல்வார்கள். கையேட்டைப் பாருங்கள். டிடிஆர்5 வகை ரேம் என்றால், முதல் முறை எழும்போது பலகை ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

மூன்றாவது, திரைக் கம்பி எங்கே சொருகியிருக்கிறது? திரை அட்டை தனியாக இருந்தால் அதில்தான் சொருக வேண்டும், பலகையில் அல்ல. சில பிராசசர்களில் படம் காட்டும் பகுதியே கிடையாது. அவற்றுக்குத் திரை அட்டை இல்லாமல் படம் வராது.

பல பலகைகளில் பிராசசர், ரேம், திரை அட்டை, வன்தட்டு என நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது எரிந்தபடி நிற்கிறதோ, அங்கேதான் கோல் நின்றிருக்கிறது.

மின்னலுக்குப் பிறகு எழாத கணினி

நேற்றுவரை ஓடிய கணினி இன்று எழவில்லை என்றால், நேற்று மாலை இடி இடித்ததா என்று கேளுங்கள். உலகில் மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பருவக்காற்றுகள் மாறும் மாதங்களில் ஜொகூரில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. அருகில் மின்னல் இறங்கினால், கம்பிகளில் கணநேர மின்னழுத்தப் பாய்ச்சல் வரும். அது மின்கம்பி வழியாக மட்டுமல்ல, இணையக் கம்பி வழியாகவும் வரக்கூடும். மின்பாய்ச்சல் தடுப்பான் உதவும். ஆனால் இடிமழையின்போது இரண்டு கம்பிகளையும் பிடுங்கிவிடுவதே மேல். எக்ஸ்டென்ஷனும் பிளக்கும் வாங்கும்போது சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

வீட்டுப் பெட்டியும் கூலாய்த் தரவு மையமும்

இன்று கூலாயை அடுத்த செடெனாக்கிலும், இஸ்கண்டார் புத்ரியிலும் பெரிய தரவு மையங்கள் எழுந்துள்ளன. அங்கே வரிசை வரிசையாக நிற்கும் சர்வர்களும் காத்திருப்பு மின்சாரத்தில்தான் விழித்திருக்கின்றன. அந்தச் சிறு மின்சாரத்தில் இயங்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லுதான், சர்வர் அணைந்திருக்கும்போதும் தொலைவிலிருந்து அதை எழுப்பவும், எங்கே பழுது என்று பார்க்கவும் உதவுகிறது. ஒரு சர்வர் எழாவிட்டால் தொழில்நுட்பர் கேட்பதும் அதே கேள்விதான்: மின்சாரம் எதுவரை வந்தது?

பழுது உறுதியான பாகத்தைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நம் நாட்டில் மின்னணுக் கழிவு, கட்டுப்படுத்தப்பட்ட கழிவு வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. அதைச் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். அதைவிட முக்கியம், பழுதாகாத பாகத்தைப் பழுது என்று எண்ணி எறிந்துவிடாமல் இருப்பது.

சிந்தித்துப் பாருங்கள்

1. பலகையின் காத்திருப்பு விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. முதலில் எதைச் சோதிப்பீர்கள்?

2. 12 வோல்ட் கம்பியில் 11.1 வோல்ட் காட்டுகிறது. பவர் சப்ளையை ஏற்பீர்களா?

3. ரேமையும் பவர் சப்ளையையும் ஒரே நேரத்தில் மாற்றினீர்கள். கணினி ஓடியது. பழுது எதில் என்று சொல்ல முடியுமா?

விடைகள்: 1. 24 முள் இணைப்பு, பொத்தான் கம்பி, பிறகு பொத்தான். 2. ஏற்கக் கூடாது, 11.4-க்குக் கீழே உள்ளது. 3. முடியாது. ஒன்றை மட்டும் பழையபடி மாற்றி, மறுபடி சோதிக்க வேண்டும்.